பழைய ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர்கள்: சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவுக்குக் குடிவந்த நம்மவர்களில் சிலர் பழைய நாணயம் சேர்க்கிறார்கள், சிலர் கைக்கடிகாரம் சேர்க்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது பழைய ரிவால்வர். சுடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. அப்பாவின் கடைசல் பட்டறையில் இரும்புச் சீவல்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். நூறாண்டுக்கு முந்தைய ஒரு பக்கத் தகடு (உள் இயக்கத்தை மூடும் மூடி), பொருத்திய கோடே தெரியாமல் ரிவால்வரின் சட்டத்தில் (எல்லாப் பாகங்களையும் தாங்கும் உடலில்) உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அதைச் செய்த கையை நினைத்துக்கொண்டே நேரம் போய்விடும். நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் தொலைபேசியில் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரிவால்வரும் பிஸ்டலும் ஒன்றுதானே?

இல்லை. ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு உருளைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் உருளை ஓர் அறை சுழலும். தானியங்கி பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகிய பெட்டியிலிருந்து மேலே ஏறும். நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் கலந்துவிடும். 1911-இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது ரிவால்வர் என்று பலர் சொல்வார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல்.

இந்தப் பக்கம் முழுக்க நான் 'குதிரை' என்று சொல்வது பின்னால் மடங்கி முன்னால் அடிக்கும் பாகத்தை. பழைய தமிழ்ச் சொல்தான், சுத்தியல் என்று புதிதாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஏன் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர்களை மட்டும் சேர்க்கிறீர்கள்?

பணமும் இடமும் அளவோடு இருப்பதால். அதோடு, வரலாறு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் 1857-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் வெளியிட்ட முதல் மாடலில் உலோக உறையுள்ள தோட்டாவைப் பின்பக்கமிருந்து அறைக்குள் போட முடிந்தது. உருளையை முன்னும் பின்னும் திறந்தபடி துளைக்கும் காப்புரிமை ரோலின் வைட் என்பவருடையது. கோல்ட் நிறுவனம் வேண்டாம் என்று விட்டதை இவர்கள் உரிமம் பெற்று வைத்துக்கொண்டார்கள். 1869-இல் அந்தக் காப்புரிமை முடியும்வரை போட்டியாளர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு என் ஆலோசனை: எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ரிவால்வர் சட்டத்தின் ஓர் அளவு, அல்லது ஒரு காலகட்டம், அல்லது ஒரே மாடலின் மாறுதல்கள் என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் தொடங்கிய 'மிலிட்டரி அண்டு போலீஸ்' வரிசை, பின்னாளில் மாடல் 10 ஆனது, 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஒரு வாழ்நாளுக்கு அந்த ஒன்றே போதும்.

கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

காலி என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விரலை விசைக்கு வெளியே வைத்து, உருளையைத் திறந்து, தோட்டா உறைகளை வெளியே தள்ளும் தள்ளுகோலை அழுத்தி, எல்லா அறைகளுக்குள்ளும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகு விரல்நுனியால் ஒவ்வோர் அறையையும் தொட்டு எண்ணுங்கள். விற்பவர் இப்போதுதான் காட்டினார் என்றாலும் உங்கள் கைக்கு வந்ததும் மறுபடி செய்யுங்கள். இதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொள்பவரிடம் வாங்காதீர்கள்.

எந்த நிறுவனம் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்தைப் படிப்பதற்கு முன் தாழ்ப்பாளைப் பாருங்கள். இடப்பக்கம் உள்ள பொத்தானை முன்னால் தள்ளினால் உருளை திறக்கிறதா? ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வழி அது. பின்னால் இழுக்க வேண்டுமென்றால் கோல்ட். உள்ளே அழுத்த வேண்டுமென்றால் ரூகர். பிறகு குதிரையை மெல்லப் பின்னிழுத்து உருளை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது ஸ்மித் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும், கோல்ட் கடிகாரத் திசையில்.

குழலில் உள்ள எழுத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். '.38 எஸ் அண்டு டபிள்யூ' (ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்பதன் சுருக்கம்) என்று பொறித்திருந்தால் அது தோட்டாவின் பெயர், செய்தவரின் பெயர் அல்ல. அந்தத் தோட்டாவைச் சுடும் ரிவால்வர்களை எத்தனையோ பேர் செய்தார்கள். கோல்ட் மட்டும் போட்டியாளரின் பெயரைத் தன் குழலில் பொறிக்க மனமில்லாமல், அதே தோட்டாவுக்கு '.38 கோல்ட் நியூ போலீஸ்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது.

ஸ்பெயினின் எய்பார் நகரப் பட்டறைகள் இந்தக் குழப்பத்திலேயே பிழைத்தன. அங்கே செய்த நகல்களில் சிலவற்றின் பக்கவாட்டு முத்திரை தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்மித் முத்திரை போலவே பின்னிப் பிணைந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் எழுத்துகள் வேறு. குழலின் மேல்பக்கத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு முகவரியும் காப்புரிமைத் தேதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாடல் எண் எங்கே இருக்கிறது? எனக்கு இரண்டு மூன்று எண்கள் தெரிகின்றன.

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், நானும் தடுமாறினேன்.

உருளையைத் திறந்தால், அதைத் தாங்கி வெளியே வரும் கை போன்ற பாகம் ஒன்று தெரியும். நிறுவனம் அதை 'யோக்' என்கிறது, அதாவது நுகம். அந்த நுகம் மூடியிருக்கும்போது மறைகிற சட்டத்தின் பள்ளத்தில், 1957 முதல் 'மாட்' என்ற சுருக்கெழுத்தோடு மாடல் எண் பொறிக்கப்படுகிறது. பின்னால் ஒரு கோடும் எண்ணும் இருந்தால், உதாரணமாக 10-5, அது எத்தனையாவது பொறியியல் மாறுதல் என்பதைச் சொல்லும்.

அதே பள்ளத்தில், நுகத்தின் மேலும்கூட, இன்னோர் எண் இருக்கும். அது தொழிற்சாலையில் பாகங்கள் பிரிந்துபோகாமல் இருக்கப் போட்ட ஒட்டு எண். வரிசை எண் அல்ல. என் முதல் ரிவால்வரை வாங்கிய நாளில் அந்த எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, 'மிகவும் குறைந்த எண், மிகவும் பழையது' என்று ஒரு வாரம் கர்வத்தோடு திரிந்தேன். துப்பாக்கிச் சந்தையில் ஒரு கிழவர் கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பகுதியில் இருந்த உண்மையான எண்ணைக் காட்டினார். சாதாரண மாடல் 10. சிரிக்கக்கூட இல்லை அவர், பலரிடம் பார்த்திருப்பார்.

அந்தக் காலத்து வரிசை எண்ணின் இடம் கைப்பிடிச் சட்டத்தின் அடிப்பகுதி. பெரிய கைப்பிடிப் பலகைகள் அடியை மூடியிருந்தால் அவற்றைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

என் ரிவால்வரில் மாடல் எண்ணே இல்லை. போலியா?

அனேகமாக 1957-க்கு முந்தையது. அப்போது பெயர்கள்தான், எண்கள் இல்லை. பழையவற்றில் வரிசை எண்ணை உருளையின் பின்முகம், குழலின் அடிப்பக்கம், தோட்டா உறைகளை வெளியேற்றும் நட்சத்திரத்தின் பின்புறம், வலப்பக்கக் கைப்பிடிப் பலகையின் உட்புறம் ஆகிய இடங்களிலும் தேடுங்கள். பலகையில் சில சமயம் பென்சிலில் எழுதியிருக்கும், துணியால் தேய்த்துவிடாதீர்கள். எல்லாம் ஒத்துப்போனால் பாகங்கள் பிறந்ததிலிருந்து பிரியவில்லை என்று பொருள்.

காலத்தை உத்தேசமாகச் சொல்ல திருகுகளை எண்ணுவது ஒரு நல்ல வழி. பக்கத் தகட்டில் நான்கு (ஒன்று கைப்பிடிப் பலகைக்கு அடியில்), விசைக்கூண்டின் முன்னால் ஒன்று, ஆக ஐந்து என்றால் பழையது. மேல் திருகு 1955 வாக்கில் போனது, முன் திருகு 1960-களின் தொடக்கத்தில் போனது. குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு ஊசி 1982 வாக்கில் மறைந்தது. ஊசி இருப்பதைச் சேர்ப்பவர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று கேட்டால், சுடுவதில் வித்தியாசம் ஒன்றுமில்லை. பழக்கம்தான்.

எண்ணுக்கு முன் 'வி' என்ற எழுத்து இருக்கிறது. என்ன அது?

'விக்டரி', அதாவது வெற்றி. இரண்டாம் உலகப் போருக்காக 1942 முதல் செய்யப்பட்டவை. மங்கிய சாம்பல் நிறப் பூச்சு, செதுக்கல் இல்லாத வழுவழுப்பான வால்நட் பலகைகள், அடியில் கயிறு கட்ட ஒரு வளையம்.

இதன் பின்னால் ஒரு கடன் கதை உண்டு. போருக்குச் சற்று முன் பிரிட்டனுக்காக ஒரு இலகு ரைஃபிள் செய்து தருவதாக நிறுவனம் 10 லட்சம் டாலர் முன்பணம் வாங்கியது. ரைஃபிள் சோதனையில் தோற்றது, பணமோ செலவாகிவிட்டது. கடனை ரிவால்வர்களாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்காவின் போர்க்கால உதவித் திட்டத்தில் மேலும் மேலும் போய், பிரிட்டனுக்கும் அதன் காமன்வெல்த் நாடுகளுக்கும் சென்றவை 5 லட்சத்தைத் தாண்டின.

இங்கே கவனம் தேவை. பிரிட்டனுக்குப் போனவை பெரும்பாலும் 5 அங்குலக் குழலும், குட்டையான, சற்றுப் பருத்த .38 எஸ் அண்டு டபிள்யூ தோட்டாவும் கொண்டவை. அமெரிக்கக் கடற்படைக்குச் சென்றவை 4 அங்குலமும் .38 ஸ்பெஷல் தோட்டாவும். போருக்குப் பின் பிரிட்டனிலிருந்து திரும்பி வந்தவற்றில் பலவற்றின் அறைகளைக் கடைக்காரர்கள் ஆழமாகத் துளைத்து .38 ஸ்பெஷல் நுழையும்படி செய்துவிட்டார்கள். அறை பருமனாக இருப்பதால் அந்தத் தோட்டாவின் உறை நடுவில் உப்பும், சில சமயம் வெடித்துப் பிளக்கும். குழலில் .38 எஸ் அண்டு டபிள்யூ என்றிருந்து .38 ஸ்பெஷல் முழுதாக உள்ளே போனால், அதைச் சுடாதீர்கள், அலமாரியில் வையுங்கள்.

'எஸ்வி' என்று இருந்தால் இன்னும் பிந்தையது. 1944-இன் இறுதியில் ஒரு கப்பல் தளத்தில் கீழே விழுந்த ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதற்குப் பிறகு, விசையை இழுக்காதவரை குதிரையைத் தடுத்து நிற்கும் ஒரு தகடு புதிதாக வடிவமைக்கப்பட்டது. அது பொருத்தப்பட்டதன் அடையாளம் அந்த 'எஸ்'.

பூச்சு அசலா, மறுபூச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் அதிகம் நேரம் செலவிடுவது இதற்குத்தான். விலையில் பாதி இதில்தான் போகிறது.

வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்து எழுத்துகளைப் பாருங்கள். அசல் பொறிப்பின் விளிம்பு நறுக்கென்று இருக்கும். மறுபூச்சுக்கு முன் மெருகு சக்கரத்தில் தேய்த்திருந்தால் எழுத்தின் ஓரம் கரைந்து, வெயிலில் வைத்த வெல்லம் போல் மழுங்கியிருக்கும். திருகுத் துளைகளைச் சுற்றிப் பள்ளம் விழுந்து கிண்ணம் போலத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பக்கத் தகட்டின் பொருத்துக்கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அப்படியே.

அடுத்தது குதிரையும் விசையும். நீலப்பூச்சானாலும் நிக்கல் முலாமானாலும் அவை பொதுவாக எண்ணெயில் மிதக்கும் வானவில் போன்ற கடினமேற்றிய நிறங்களோடுதான் ஆலையிலிருந்து வந்தன. அவற்றிலும் நிக்கல் பளபளத்தால் யாரோ பின்னால் முலாம் பூசியிருக்கிறார்கள். குழல் கீழே மடங்கித் திறக்கும் 19-ஆம் நூற்றாண்டு நிக்கல் ரிவால்வர்களில் விசைக்கூண்டு நீலமாக இருக்க வேண்டும். கூண்டும் வெள்ளையாக மின்னும் ஒன்றை நான் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தேன். இப்போது அதை வாங்க வேண்டாம் என்பதற்கு உதாரணம் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

ஆலையே மறுபூச்சு செய்ததும் உண்டு. கைப்பிடிப் பலகையைக் கழற்றினால் சட்டத்தில் 'ஆர்-எஸ்' என்ற எழுத்தும் மாதம், ஆண்டு எண்களும் இருக்கலாம். வரிசை எண்ணுக்கு அருகே ஒரு நட்சத்திரக் குறி பொறித்திருந்தால் பழுதுபார்க்க ஆலைக்குத் திரும்பிப் போனது என்று பொருள். அது குறையில்லை, மறைக்காமல் சொல்லப்பட்ட வரலாறு.

போர்க்காலச் சாம்பல் ரிவால்வரைக் கண்ணாடி போல் நீலமாக்கிக் கொண்டுவந்து, 'எவ்வளவு அழகாக்கியிருக்கிறேன் பாருங்கள்' என்று காட்டுபவர்களிடம் என்ன சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஆலையிலிருந்து கடிதம் வாங்குவது பயனுள்ளதா?

விலை குறைந்த மாடல் 10-க்கு வேண்டாம். அரியது என்று நினைத்தால் வேண்டும். வரிசை எண்ணை அனுப்பினால், எந்தத் தேதியில், எந்தக் குழல் நீளத்தில், எந்தப் பூச்சோடு, எந்தக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று ஆலைப் பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் நிறுவனத்தின் வரலாற்றாசிரியர் ராய் ஜிங்க்ஸ். 1935-இல் வந்த .357 மேக்னம் ரிவால்வரின் முதல் தொகுதி வாங்கியவரின் பேரிலேயே பதிவு செய்யப்பட்டது. அத்தகையதற்குக் கடிதம்தான் ஜாதகம்.

வாங்குவதற்கு முன் இயக்கத்தை எப்படிச் சோதிப்பது?

காலி என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, விற்பவரின் அனுமதி கேட்டுத் தொடங்குங்கள். உருளையைக் கட்டைவிரலால் இலேசாகத் தடுத்துக்கொண்டு குதிரையை மிக மெதுவாகப் பின்னிழுங்கள். குதிரை முழுதாக நிற்பதற்கு முன்பே உருளை 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைக்கும் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது தவறுவது சகஜம். பின்னிழுத்து நிறுத்திய குதிரையைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் நழுவக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) அளந்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 10 பங்குக்குள் இருப்பது நல்லது. உருளையைத் திறந்து சுழற்றி, தள்ளுகோலின் நுனி தள்ளாடுகிறதா என்று பாருங்கள், தள்ளாடினால் வளைந்திருக்கிறது.

திரைப்படத்தில் வருவதுபோல் மணிக்கட்டை வெட்டி உருளையை 'சடார்' என்று மூடுபவர் கையில் இருந்த ரிவால்வரை நான் வாங்குவதில்லை. நுகம் வளைவது அப்படித்தான்.

எப்படிச் சுத்தம் செய்வது?

முடிந்தவரை குறைவாக. பழைய பொருளைப் பார்த்ததும் புளி போட்டுத் தேய்க்கும் நம் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. நீலப்பூச்சு என்பதே கட்டுப்படுத்திய துருதான், மெருகுப் பசை அதையும் சேர்த்து எடுத்துவிடும்.

மேலோட்டமான துருவுக்கு எண்ணெயில் ஊறவைத்து, வெண்கலக் கம்பளியால் அழுத்தாமல் தேய்த்து, துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்போது நிறுத்துங்கள். சுட்ட பிறகு குழலைப் பின்பக்கமிருந்து துலக்குங்கள். உருளையின் முன்முகத்தில் படியும் கருவளையத்தைச் சுரண்டி எடுக்க முயலாதீர்கள். அடுத்த முறை சுட்டால் மறுபடி வரும். நிக்கலின் மேல் அம்மோனியா கலந்த கரைப்பானை ஊறவிடக் கூடாது. முலாமில் விரிசல் இருந்தால் அது அடியில் புகுந்து உரித்துவிடும். ஈயத் தூசி கையில் ஒட்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொட வேண்டும்.

பக்கத் தகட்டைத் திறக்கலாமா?

தேவையில்லாமல் வேண்டாம். திறந்தே ஆக வேண்டுமென்றால், திருகின் பிளவில் இறுக்கமாக உட்காரும், இணையான முனையுள்ள துப்பாக்கித் திருப்புளி வேண்டும். வீட்டுத் திருப்புளி ஆப்பு வடிவம். வழுக்கித் திருகுத் தலையைக் கடித்துவிடும். எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பப் போக வேண்டும், முக்கியமாக நுகத்தைப் பிடித்திருக்கும் முன் திருகு.

திருகுகளைக் கழற்றிய பின் தகட்டை நெம்பாதீர்கள். கைப்பிடிச் சட்டத்தைத் திருப்புளியின் மரக் கைப்பிடியால் தட்டுங்கள். பத்துப் பதினைந்து தட்டில் அதிர்வினாலேயே தகடு மெல்ல எழும்பி வரும். முதல்முறை அதைப் பார்த்தபோது, அப்பா பேரிங்கைத் தட்டி எடுப்பது ஞாபகம் வந்தது.

தள்ளுகோலைக் கழற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழையவற்றில் வலமறை (வலப்பக்கம் திருப்பினால் இறுகும்), 1961 வாக்கிலிருந்து இடமறை (இடப்பக்கம் திருப்பினால் இறுகும்). எது என்று தெரியாமல் முறுக்கினால் உடையும். அறைகளில் காலி உறைகளைப் போட்டுக்கொண்டு முறுக்கினால் நட்சத்திரத்துக்குச் சேதம் வராது.

எங்கே வைப்பது?

பூட்டிய பெட்டகத்தில், தோட்டாக்களை வேறிடத்தில். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட உப்பு துருவேற்றும். மெழுகுப் பூச்சுக்கு அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரெனசான்ஸ் மெழுகு போதும். பெட்டகத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. பச்சை அட்டை வந்தபின் நிலைமை வேறு. 1898-லோ அதற்கு முன்போ செய்தவை அந்தச் சட்டத்தின் கணக்கில் தொன்மைப் பொருள்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்டவற்றைச் சேர்ப்பவருக்கென்று தனி உரிமமும் இருக்கிறது, மூன்றாண்டுக்கு 30 டாலர். ஆனால் மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் பலவற்றைக் கேட்கும். நண்பர் சொன்னார், நான் எழுதினேன் என்று இறங்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சேர்க்க முடியுமா?

இந்த அளவில் முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கிடையாது. ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாமா என்று கேட்டவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டின் ஒரு துண்டு அங்கேயும் இருக்கிறது. உருளை பக்கவாட்டில் திறக்கும் தன் முதல் ரிவால்வரை நிறுவனம் 1896-இல் வெளியிட்டபோது அதற்கென்றே வந்த தோட்டா .32 எஸ் அண்டு டபிள்யூ லாங். கான்பூர் ஆயுத ஆலை உரிமக்காரர்களுக்காகச் செய்யும் ரிவால்வரின் உருவம் பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரைப் பின்பற்றியது. அதன் அறைக்குள் போவது அந்த .32 லாங் தோட்டாதான். தாத்தாவின் உரிமத் துப்பாக்கி என்று யாராவது வீட்டில் காட்டினால், குழலின் பக்கவாட்டைப் படித்துப் பாருங்கள்.